தாலிமணி கோக்க வந்தவர்

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விடமாட்டார். மூன்று மாடி ஏறி வந்து, கதவு திறந்ததும் சேலையை ஒதுக்கிக் குனிந்து செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, ஒரு பழைய துணியில் சுற்றித் தோளில் தொங்கும் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே கால் வைப்பார். பம்பாய் மாட்டுங்காவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வாசலில் புதுச் செருப்பு கிடந்தால் எதிர்வீட்டு மாமி "யாரு வந்திருக்கா?" என்று கேட்பாள். கேட்டால் அம்மா பதில் சொல்ல வேண்டும். பதில் கிடையாது. அந்தச் சங்கடம் அம்மாவுக்கு வரக்கூடாது என்று செருப்பைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. செருப்புத் திருடனுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மா சிரிக்கவில்லை.

வருவது எப்போதும் ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு. போவது யாரும் போகச் சொல்வதற்கு முன்னால். இதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டம்ளரில் இன்னும் இரண்டு மடக்குக் காப்பி இருக்கும். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாளா இல்லையா என்பது பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியாது. அவர் எழுந்துவிடுவார்.

"அப்போ நான் வாரேம்மா."

"ஏன், இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்பாள் அம்மா. அவர் எழுந்த பிறகு சொல்கிற உபசாரம் அது. உட்கார்ந்திருக்கும்போது ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு தடவை ரயில் ஏதோ தகராறில் நின்றுபோய் அப்பா மத்தியானமே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். மாடிப்படியில் அப்பாவின் செருமல் கேட்டது. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த பலகை காலி. பின்பக்கம் கூட்டுகிறவர்கள் வந்துபோகும் இரும்புப் படிவழியாக அவர் இரண்டு மாடி இறங்கியிருந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

எங்கள் வீட்டில் அவருக்குத் தாராவிக்காரி என்று பெயர். "அவளை வரச் சொல்லு", "அவ வந்தா கதவைச் சாத்து" என்றுதான் பேச்சு. அவரோ பத்து வயதுப் பிள்ளையைக்கூட நீங்க, வாங்க என்பார். இப்போது நான் 'அவர்' என்று எழுதுகிறேன். அறுபது வருஷம் பிந்தி வரும் மரியாதையால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் கை வேறுவிதமாக எழுத மாட்டேன் என்கிறது.

அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ பெண்ணின் மஞ்சள் கயிற்றைப் பிரித்து, தாலியோடு தங்கக் குண்டு, பவளம், கருகமணி எல்லாம் சேர்த்துப் புதிதாகக் கோப்பார்கள். சுமங்கலிகள் யாரும் கோக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷிகளிடம் பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்ணின் கை கோத்தால் தாலி நிலைக்கும். அவளுக்குக் கட்டியவர் சாமி. சாமிக்குச் சாவு இல்லை, ஆகவே அவளுக்குத் தாலி அறுவதும் இல்லை. அவள் கழுத்து மணியில் ஒன்றிரண்டு சேர்த்துக் கோத்துவிட்டால் இன்னும் விசேஷம். ஊரைவிட்டு வந்து, ரேஷன் வரிசையில் நின்று, மின்சார ரயிலில் இடிபட்டு, பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்ட பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. ஆண்களுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்பதால் மத்தியான வேளையில் நடந்தது.

அவருக்குப் பத்து வயதில் பொட்டுக்கட்டியிருந்தார்கள். பிறகு ஊரைவிட்டுப் பம்பாய் வந்து சில காலம் விலைமாதர் தெருவான காமாத்திபுராவில் இருந்தார் என்பதும், இப்போது தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை செய்கிறார் என்பதும் எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கை வேண்டும், ஆள் வேண்டாம். அதுதான் ஏற்பாடு.

கோக்க வரும் நாளில் இரண்டு தடவை குளித்து, எலுமிச்சந்தோலால் கையைத் தேய்த்துவிட்டு வருவார். தலை ஈரமாக இருக்கும். பலகையில் கிழக்கே பார்த்து உட்காருவார். ஊசி தொடமாட்டார். "குத்துற சாமான் எதுக்கும்மா மங்கல காரியத்துக்கு" என்பார். மஞ்சள் சரட்டின் நுனியைத் தேன்மெழுகில் உருட்டி விறைப்பாக்கிக்கொண்டு, ஒவ்வொரு மணியாக உள்ளங்கையில் வைத்து ஊதி, பிறகு ஏற்றுவார். முடிக்கும்வரை பேச்சு கிடையாது. கடைசியில் தன் கழுத்துச் சரட்டை அவிழ்த்து இரண்டு பவளத்தை உருவிச் சேர்ப்பார். மாட்டுங்காவில் இருபது வீட்டுக் கழுத்துகளில் அந்தப் பவளம் ஏறியிருந்தது. அவர் சரடு குட்டையாகிக்கொண்டே வந்தது.

"ஒனக்குத் தீந்துராதா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"தீந்தா என்னம்மா, கட்டினவரு வந்து கணக்குக் கேக்கவா போறாரு?"

எனக்குக் கல்யாணமாகிச் செம்பூருக்குப் போன ஐந்தாம் மாசம், தாலி பிரித்துக் கோக்க அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்தொரு வயது. வாய் கொஞ்சம் நீளம். கோத்து முடித்து அவர் என் கழுத்தில் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "உங்களைக் கட்டின சாமி ஒரு தடவைகூட உங்களை வந்து பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள்.

அவர் கோபிக்கவில்லை. "பம்பாய்க்கு டிக்கெட்டு கெடைக்கலை போல பாப்பா" என்றார். "நீங்க கழுத்தை நிமித்துங்க."

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்போ எது வேணும்னாலும் என்கிட்ட வரணும். நான் இருக்கேன்" என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது. புதுத் தாலி கழுத்தில் கனக்கிற பெண்ணுக்கு அப்படியெல்லாம் பேச வரும். அவர் என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்கடுத்த தை மாசம் என் சித்தப்பா மகளுக்கு மாட்டுங்காவில் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் பூ போதவில்லை என்று என்னை எதிர்ச் சாரிக் கடைக்கு அனுப்பினார்கள். கடை ஓரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். கொசுவம் கலையாத புதுச் சேலை. மணப்பெண்ணுக்கும் பிறகு சரடு கோத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார்.

"முகூர்த்தம் ஆயிட்டா பாப்பா?"

"இப்போ ஆயிரும். உள்ள வாங்களேன்."

சொன்னேன், உண்மை. ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. பூப்பையை வாங்கிக்கொண்டு, உடம்பைப் பாதி மண்டபத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

"நீங்க கூப்பிட்டதே போதும். எனக்கு வேலை கெடக்கு."

கெட்டிமேளம் கேட்டது. அவர் அங்கேயே நின்று மண்டபத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தாராவி போகும் பஸ்ஸை நோக்கி நடந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

என் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். சீர்திருத்தக்காரர். பொங்கல் விழாப் பந்தலில் அந்த வருஷம் அவர் பேச்சு. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்ததைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். 'இந்த இழிவு' என்று எட்டுத் தடவையாவது சொன்னார். நான் தண்ணீர் குடிக்கப் பந்தலின் பின்பக்கம் போனபோது, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தாலி கோத்தவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூட்டம் முடிவதற்கு முன்பே அவர் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டேஷன்வரை கூடவே போனேன். அவர் நாலடி தள்ளியே நடந்தார். பேச்சுக் கேட்கிற தூரம், சேர்ந்து போகிறவர்கள் என்று தெரியாத தூரம்.

"ஒங்க மாமா நல்லாப் பேசுனாவ" என்றார். "நல்ல சட்டந்தான் பாப்பா. என் மகளுக்குக் கட்டாமத் தப்பிச்சோம். கட்டக் கூடாதுன்னாங்க, கோயில்ல குடுத்த மானியமும் நின்னுபோச்சு. வீடும் போச்சு. சரி, முந்தியே கட்டினவ என்ன செய்யணும்னு அதுல ஒரு வரி எழுதியிருக்கலாம். யாருக்கும் தோணலை போல."

நாடகத்தில் ஆடலாம் என்று ஒருவன் அவரைப் பம்பாய்க்கு அழைத்து வந்திருக்கிறான். இறங்கும்போது கைக்குழந்தைக்கு ஏழு மாசம். நாடகமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கல்லிச் சந்தில், கம்பி போட்ட அறையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவரைப் போல நம் பக்கத்தவர்கள், தெலுங்கு தேசத்தவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் என்று அந்த ஒரு கட்டடத்திலேயே பத்துப் பேர் இருந்தார்களாம். அதில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சாமிக்குக் கட்டப்பட்டவர்கள்.

"எப்படி வெளிய வந்தீங்க?"

"மகளுக்குப் பேச்சு வந்துது பாப்பா. அம்மான்னு சொல்லலை. கம்பியப் பிடிச்சுக்கிட்டு, தெருவுல போறவனைப் பாத்து 'ஆவோ, ஆவோ'ன்னுச்சு. அங்க எல்லாரும் கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு அதுவும் கூப்பிடுது. அன்னைக்கே கெளம்பிட்டேன்."

சும்மா கிளம்ப விட்டுவிட மாட்டார்கள். கூட இருந்த ஒரு தெலுங்குக்காரப் பெண் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். அதற்காக அவளைப் போட்டு அடித்ததில் அவளுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. இப்போது அவளுக்கு மார்ச்சளி நோய், அதே கட்டடத்தில் ஒரு மூலையில் கிடக்கிறாள் என்றும், வாரத்துக்கு ஒரு நாள் தான் கஞ்சி கொண்டுபோவதாகவும் சொன்னார். மகள் செண்பகத்துக்குப் பதினேழு வயது. தாதரில் ஒரு தையல் கூடத்தில் வேலை. சாயங்காலம் டைப்ரைட்டிங் பழகுகிறாளாம். "ஆபீசுல ஒரு நாற்காலியில அவ உக்காந்துட்டா எனக்குப் போதும். எந்திரின்னு யாரும் சொல்லக்கூடாது" என்றார்.

அந்த ஆடி மாசம் அவர் செம்பூருக்கு என் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. செருப்பு வாசலிலேயே கிடந்தது. கழற்றிப் பையில் வைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். மாமனார் நூலகத்துக்குப் போயிருந்தார், அத்தான் ஆபீசில். மாமியார் எனக்குக் கல்யாணமாகும் முன்பே இறந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர்தான்.

அவருக்கு நாலு நாள் காய்ச்சல். கஞ்சி கொடுக்கப் போக முடியவில்லை. மகளிடம் தூக்குவாளியைக் கொடுத்து, வாசலில் வைத்துவிட்டு வந்துவிடு என்று அனுப்பியிருக்கிறார். பட்டப்பகல்தானே என்று நினைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்து அந்தக் கட்டடத்தில் இருந்த பெண்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டது. செண்பகத்தையும் தூக்குவாளியோடு ஏற்றிவிட்டார்கள்.

"நாந்தான் அனுப்பிச்சேன். என் கையால நாந்தான் அனுப்பிச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் பெண்ணை ஒரு அரசு இல்லத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். அவள் தொழில் செய்கிறவள் இல்லை, தாயோடு குடும்பமாக இருக்கிறவள் என்று மரியாதையான வீட்டுக்காரர்கள் யாராவது சொன்னால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் மூன்று வருஷம். விசாரிக்க ஒரு அம்மா வீடு வீடாக வருவார்கள். தெரிந்தவர்கள் என்று இரண்டு வீட்டு விலாசம் கொடுக்க வேண்டும்.

"ஒங்க பேரைக் குடுக்கட்டா பாப்பா?"

"இதென்ன கேள்வி? தாராளமாக் குடுங்க."

"எப்படித் தெரியும்னு கேப்பாவ. மணி கோத்த கதையெல்லாம் நீங்க சொல்ல வேண்டாம். தாராவியில மகளோட இருக்காங்க, நல்லபடியா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

நான் தலையாட்டினேன். காப்பி தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு உறுதி வேண்டியிருந்ததோ என்னவோ. வாசலில் கேட் சத்தம் கேட்டதும் நான் சொன்னேன், "மாமா வர்ற நேரம்..."

அவரைப் போகச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அவர் பதறி எழுந்து, பைக்குள் கைவிட்டுச் செருப்பைத் தேடினார். பிறகு அது வாசலில் கிடப்பது நினைவு வந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போனார். வந்தது மாமா இல்லை, பால்காரர்.

நாலு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு விசாரணை அம்மா வந்தார். மராத்திக்காரர். கதர்ச் சேலை, கையில் ஒரு ஃபைல், களைத்த முகம், நல்ல மாதிரியாகப் பேசினார். மாமா நாற்காலி எடுத்துப் போட்டு, தானும் எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படி நிலையில் நின்றேன்.

அந்த அம்மா தாளைப் பார்த்து ஒரு பெயரைப் படித்தார். மராத்திக்காரர் வாயில் அது கோணலாக வந்தது. அன்றைக்குத்தான் அவர் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். பத்து வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர், என் கழுத்தில் தாலி சரிசெய்தவர். பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். "காமாத்திபுராவில் இருந்தவங்க. இப்போ தாராவி. மகளுக்குத் தையல் வேலைன்னு எழுதியிருக்கு. உங்க பேரைத்தான் முதல்ல கொடுத்திருக்காங்க."

காமாத்திபுரா என்ற சொல் கூடத்தில் விழுந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அவர் முறைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. என் மூளைக்குள் நானே எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், மணி கோத்த விஷயம் வரும், மாமா மேடையில் இழிவு என்று பேசியது என் கழுத்தில் தொங்குகிறது என்று வரும், அத்தான் காதுக்குப் போகும், அம்மா மானம் போகும். அந்தப் பெயர் எனக்கு நிஜமாகவே தெரியாதுதானே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்படி ஒரு ஓட்டையைத் தேடிப் பிடித்து அதற்குள் நுழைந்துகொண்டேன்.

"தெரியாது" என்றேன். "அம்மா வீட்டுக்கு எப்பவோ துணி தைச்சுக் குடுக்க வந்திருப்பாங்க. அவ்வளவுதான்."

"மகளைப் பார்த்திருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

அந்த அம்மா எனக்கு இரண்டாம் தடவையும் வழிவிட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் பேனாவைத் திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது மாமா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார், "பாவம்மா அந்தப் பொண்ணு. தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. நமக்குத் தெரிஞ்சிருந்தா நானே போய்ச் சொல்லிட்டு வந்திருப்பேன்."

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். விசாரணை அம்மா தன் ஆபீஸ் விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். நினைவு வந்தால் வாங்க என்று சொல்லியிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பியிருப்பார். ஆனால் இப்போது சொன்னால் காலையில் பொய் சொன்னவளாக ஆவேனே. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். சாயங்காலம் கூட்டும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளினேன்.

இரண்டாவது விலாசம் அம்மாவுடையது. அடுத்த வாரம் மாட்டுங்கா போனபோது அம்மாவே ஆரம்பித்தாள்.

"ஏட்டி, ஒருத்தி ஃபைலைத் தூக்கிட்டு வந்து தாராவிக்காரியைத் தெரியுமான்னு கேக்கா. நான் ஏன் சொல்லுதேன்? ஒங்கப்பா காதுல விழுந்தா என்ன ஆவும்? ஆளே தெரியாதுன்னுட்டேன். ஒங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலையே?"

"வரலை" என்றேன்.

பிறகு அவர் மாட்டுங்கா பக்கம் வரவே இல்லை. தையிலும் மாசியிலும் கல்யாணங்கள் வந்தன. பெரிய மனுஷிகளுக்குத் தவிப்பாகிவிட்டது. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மகளுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டதாம், கை நடுங்குகிறது, இனிமேல் கோக்க வராது என்று சொல்லச் சொன்னாராம். "நல்ல நாள் பாத்து இவளுக்குக் கை நடுங்குது பாரு" என்று அலுத்துக்கொண்டாள் அம்மா. ஒருவரும் அவர்மேல் இரக்கப்பட்டு நான் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன, உள்ளுக்குள் புழுங்கினேன், அவ்வளவுதான். புழுங்குவதற்குச் செலவில்லை.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு ஒரு பையன் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தான். ஒருநாள் மத்தியானம் அவனை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளையெல்லாம் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். தோல் கிடங்கு நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாலு பேரிடம் வழி கேட்டு அந்த ஒற்றை அறைக் கோலியைக் கண்டுபிடித்தேன். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம். ஒல்லியாக ஒரு பெண் எழுந்து வந்தாள். அவருடைய அதே நெற்றி.

"யாரு வேணும்?"

உள்ளே இருட்டில் கட்டிலிலிருந்து குரல் வந்தது, "யாரு செண்பகம்? ...அட, பாப்பாவா? தெரிஞ்சவங்கதான், உள்ள கூப்பிடு."

உள்ளே போனேன். தலை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் வெறும் கறுப்புக் கயிறு இருந்தது. என் பையனைப் பற்றி விசாரித்தார். பல் முளைத்துவிட்டதா, பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டார். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. செண்பகம் டைப்ரைட்டிங்கை விட்டுவிட்டாள். அந்த இல்லத்தில் இருந்தவள் என்று தெரிந்தால் எந்த ஆபீசில் எடுப்பார்கள்? வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாயா போட்டு என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் சிரிக்கிற சிரிப்பு. அவர் மகளிடம் என் பெயரை, தெரியாது என்று சொன்னது யார் என்பதை, எதையும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மாவை எப்படிக்கா தெரியும் ஒங்களுக்கு?"

அதே கேள்விதான். இந்தத் தடவை மாமா இல்லை, ஃபைல் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அவர் முந்திக்கொண்டார்.

"இவங்க அம்மா வீட்டுக்கு எப்பவோ துணி தைச்சுக் குடுக்கப் போனேன். அவ்வளவுதான்."

என் வாக்கியம். மாஜிஸ்திரேட் முன்னால் படித்துக் காட்டியிருப்பார்கள். யாரிடமாவது அர்த்தம் கேட்டுத் தெரிந்து, அப்படியே மனசில் வைத்திருந்திருக்கிறார். குத்திக்காட்டவில்லை. குரலில் அது இல்லை. எனக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவளைச் சங்கடப்படுத்தக்கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம்.

செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயா? கிழிஞ்ச பாவாடைக்கு ஒரு தையல் போடத் தெரியாதேம்மா ஒனக்கு! ஊசியைக் கண்டாலே ஓடுவியே!"

"அப்போ தெரியும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

மகள் நம்பாமல் என் பக்கம் திரும்பினாள். "நெசமாவாக்கா?"

கையில் சாயா சுட்டது.

"ஆமா" என்றேன். "நல்லாத் தைப்பாங்க."